விரதத்தில் விட்ட குளிசை

எந்த வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கழிவறை எந்தப் பக்கம் என்று யோகா பார்த்துவிடுவாள். கல்யாண வீடோ செத்த வீடோ, கதிரையை அந்தப் பக்கமாகத்தான் இழுத்துப் போடுவாள். பல வருடங்களாக இதைக் கண்ட சனம், கூச்சக்காரி, ஒதுங்கி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டது.

கூச்சக்காரிதான். ஆனால் காரணம் வயிறு. சாப்பிட்டால் ஊதும், சொல்லாமல் கொள்ளாமல் கழியும். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியதற்கு எத்தனையோ முறை பேச்சு வாங்கியிருக்கிறாள். அகதியாக வந்தவள் என்று கேட்டதுமே டொக்டர்மாருக்கு விடை கிடைத்துவிடும். யுத்தம், மனக்கவலை. ஒருவர் நித்திரைக் குளிசை தந்தார். இன்னொருவர் யோகாசனம் பழகச் சொன்னார்.

"பேரிலேயே இருக்கே அம்மா, பிறகென்ன" என்று மெல்பேர்னில் இருந்த மகள் சயந்தினி போனில் சிரித்தாள்.

கடைசியில் புதிதாக வந்த ஒரு டொக்டர் மலத்தைப் பரிசோதிக்க அனுப்பினார். ஜியார்டியா என்றது முடிவு. கண்ணுக்குத் தெரியாத, கைபட்ட சாப்பாட்டாலும் தொற்றும் ஒட்டுண்ணி. இத்தனை காலம் இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று யோகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வழக்கமான மருந்துக்கு அது மசியவில்லை. பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புதிய மருந்தை வைத்து ஆய்வு நடந்தது, அதில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே நர்ஸ் மிருணாளினி, தமிழ்நாட்டுக்காரி.

"வீட்ல ஒருத்தருக்கு இருந்தாலும் திரும்ப உங்களுக்கு வந்துடும்க்கா. டெஸ்ட் பண்ணதுல உங்க சாருக்கும் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல மாத்திரை சாப்பிடணும். நடுவுல விடக்கூடாது."

"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்றார் கணவர் மகேந்திரராஜா. இருந்தும் ஆய்வில் சேரக் கையெழுத்துப் போட்டார்.

யோகா ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். வயிறு அடங்கியது. நீண்ட காலத்துக்குப் பிறகு பயமில்லாமல் ரயிலில் போனாள். பிறகு எல்லாம் திரும்பி வந்தது. பரிசோதனையில் இருவருக்கும் ஒட்டுண்ணி இருந்தது.

"இந்த மருந்தும் உங்களுக்குக் கேக்கலன்னுதான் எழுதணும்க்கா" என்றாள் மிருணாளினி. "அடுத்து என்ன குடுக்கறதுன்னு டாக்டருக்கே யோசனையா இருக்கு."

இனி மருந்தே இல்லையோ என்ற நினைப்போடு அந்த ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனாள். மகேந்திரராஜா வழக்கம்போல அன்னதானத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாம்பார் வாளியோடு அவருடைய கூட்டாளி சிறி.

"இந்தமுறையும் கந்தசஷ்டி பிடிச்சனீங்களோ அண்ணை?"

"பின்னை? பாலும் பழமும்தான். ஆஸ்பத்திரிக்காரர் தந்த குளிசையைக்கூடத் தொடேல்லை. விரதத்திலை குளிசை போடுறதோ?"

"உங்களுக்கு முருகன் ஒரு குறையும் விடான்."

வரிசையில் தட்டோடு நின்ற யோகா எல்லாவற்றையும் கேட்டாள். திரும்பும் வழியில் கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவரைக் கேட்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ விடுவியே? விரதம் முடியப் போடுவம் எண்டு இருந்தனான். பிறகு மறந்துபோச்சு."

"நான் ஓடி ஓடிப் போறதைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

"ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போடாதை. மானம் போயிடும்."

அவருடைய மானம்.

அடுத்த முறை மிருணாளினியின் முன்னால் அவர் பக்கத்தில் இருக்கவே சொன்னாள்.

"தங்கச்சி, மருந்திலை பிழையில்லை. இவர் போடேல்லை."

"ஒரு நாள் விட்டுட்டாரா?"

"ஒண்டுமே போடேல்லை."

மகேந்திரராஜா நிலத்தைப் பார்த்தார். மிருணாளினி பேனாவை வைத்தாள்.

"சொன்னது நல்லதுக்கா. இல்லன்னா நல்ல மருந்தைக் குறை சொல்லி எழுதியிருப்போம். ஆனா இனிமே உங்களை ஆய்வுல வெச்சுக்க முடியாது. டாக்டர் தனியா மருந்து எழுதித் தருவார்."

"பிழை விட்டது அவர். வெளியிலை போறது நானோ?"

மிருணாளினி மருந்துச் சீட்டு வாங்கிவர டொக்டரின் அறைக்குப் போனாள்.

இம்முறை இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்; யோகா எதிரே நின்று பார்க்க, மகேந்திரராஜா குளிசைகளை விழுங்கி முடித்தார். இன்று யோகாவின் பரிசோதனையில் ஒட்டுண்ணி இல்லை. அவருடைய முடிவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை கோயிலில் பரிமாற அவரை விடவேண்டாம் என்று, காரணத்தையும் சேர்த்து, சிறியிடம் அவளே சொல்லிவிட்டாள். வீட்டில் சமையல் நடக்கும் குசினிக்குள் அவர் வருவதில்லை. அவளுக்குக் கோபம் ஆறவில்லை.