துணி வெட்டுகிறவன் வீடு வரைந்தால்

எட்டுக் குடும்பம் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார் வீட்டுக்காரர். இன்று காலையில் வந்தவர், "குடியிருக்கறது நீங்கதானுங்க. எப்படி வேணுமோ பக்கத்துக் காலி எடத்துல கோடு போட்டு வைங்க. சாயங்காலம் இஞ்சினீயரு வந்து அதைத்தான் அளப்பாரு" என்றார்.

பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். எட்டுக் குடும்பமும் சாக்பீஸை என் கையில் கொடுத்தது.

விடுவேனா? துணியில் கை, உடம்பு, கழுத்துப்பட்டி என்று இடைவெளி இல்லாமல் அடுக்குகிற மாதிரி எட்டு வீடு, பொதுக் குளியலறை, கக்கூஸ் எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கிவிட்டேன். ஓர் அங்குலம்கூட வீணில்லை.

பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்கார அம்மா குடத்தோடு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றார். "ஏண்ணே, கக்கூசுக்குப் போவணும்னா நான் யாரு வீட்டு அடுப்பு மேல ஏறிப் போவணும்?"

அப்போதுதான் பார்த்தேன். நடக்க வழியே விடவில்லை.

"ஏனுங்க, மிச்சம் புடிக்கறதெல்லாம் துணியோட வெச்சுக்கோங்க" என்றாள் மனைவி.

ஒன்பதாவது படிக்கும் மகள் என் கோடுகளைக் காலால் அழித்தாள். பெண்கள் குளியலறையை வீடுகளுக்குப் பக்கத்தில் இழுத்து, அதற்கென்று தனி வழி போட்டாள். "இனி ராத்திரியில அம்மாவைத் துணைக்குக் கூப்பிடாமப் போலாம்ப்பா."

பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

மாலையில் இஞ்சினீயர் அளந்து பார்த்து, "வழிக்கு இன்னும் ரெண்டடி வேணுமுங்களே. யாரு ஊட்ல எடுக்கறது?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி உட்பட.

இரண்டடி குறைந்த எங்கள் அறையில் கட்டிலை எங்கே போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் விட்டால் கதவுக்குக் குறுக்கேதான் போடுவேன்.