மூன்றாம் லெவலுக்கு ரெண்டாயிரம் ரூபாய்

ரோபோ செய்கிறவனுக்கு மூளை இருந்தால் போதும். அதற்குப் பட்ஜெட் போடுகிறவனுக்குத் தோல் தடிமனாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு குழுவில் பொருளாளராக மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் மாட்டியது

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேர், பெங்களூரில் மாணவர்களுக்கு ரோபோப் போட்டி என்று கேள்விப்பட்டதும் ஒரு குழு ஆரம்பித்தோம். வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லத் தெரியாததால் நான் பொருளாளர் ஆனேன். பணம் தர ஒத்துக்கொண்டது சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளின் இளைஞர் மன்றம். அதன் செயலாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொன்னார்: “ரெண்டாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா ஏறினாலும் பெங்களூர் கெடையாது, போங்க.”

விலை விசாரித்தது

ஆண்டர்சன்பேட்டை மோட்டார் கடையில் மெதுவாக, “ஒரு மோட்டார் இன்னா வெலைண்ணே?” என்றேன். “எத்தினி ஹெச்.பி.?” என்றார். பேட்டரியில் ஓடினால் போதும், உள்ளங்கையில் அடங்க வேண்டும் என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “கெணத்துக்கு இல்லியா? அப்போ இன்னா தம்பி, எறும்பு வூட்டுக்குத் தண்ணி ஏத்தறியா?”

லெவல்

போட்டி விதியில் ஒரே வேலைதான்: பெட்டியை ரோபோ மூன்றாம் லெவலுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சுரங்கத்தில் முதல் லெவலுக்குக் கீழே இரண்டு, அதற்கும் கீழே மூன்று. பிறந்ததிலிருந்து கேட்ட கணக்கு. கீழே இறக்கப் பெரிய மோட்டார் எதற்கு? பெட்டி தன் கனத்திலேயே இறங்கும். சின்ன மோட்டார், கயிறு, கப்பி, பிரேக் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் முடித்து, பொருளும் வாங்கிவிட்டேன்.

அப்புறம் பெங்களூரிலிருந்து படம் வந்தது. மூன்றடி உயர அலமாரி. மேல்தட்டில் ‘லெவல் 3’. குழுவில் ஒருவனான கௌதமன் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அலறினான்: “டேய், இவங்க ஊர்ல லெவலு மேல போவுதுடா!”

ஒரு கல்

பெட்டியைத் தூக்குகிற மோட்டாருக்கு இன்னும் எண்ணூறு ரூபாய் வேண்டும். நான் செலவுப் பட்டியலைக் கிழிக்கப் போனேன். எங்கள் குழுவிலிருந்த மேரி தடுத்தாள். அவள் அப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை இழுக்கிற இன்ஜினை ஓட்டியவர். “ஒரு கேஜ் எறங்கினா, அந்தக் கனத்துல இன்னொண்ணு ஏறும். மிச்சத்தைத்தான் இன்ஜின் இழுக்கும்” என்றபடி, பெட்டியளவு கனமுள்ள ஒரு கல்லைக் கயிற்றின் மறுமுனையில் கட்டினாள். அந்த எறும்பு மோட்டார் முனகியது. கல் இறங்க இறங்க, பெட்டி சத்தமில்லாமல் மேலே போனது. தினமும் ஆட்களை ஏற்றி இறக்கிய அந்தப் பெரிய வேலை, எங்கள் மேஜை மேல் நடந்துகொண்டிருந்தது. மேரி என் பக்கம் திரும்பினாள்: “இன்னா பாக்கற? எழுதிக்கோ, கல்லு ஒண்ணு, ரூபா சைபர்.”

கையெழுத்து

செயலாளர் பட்டியலில் விரலை ஓட்டி, கடைசி வரியில் நிறுத்தினார். “கல்லுக்கு ரசீது எங்க?” பதிலுக்கு ரோபோவை ஓட்டிக் காட்டினேன். பெட்டி மூன்றடி மேலே போய் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மட்டும் கொடுக்கவில்லை. “இன்னொரு வாட்டி ஏத்துங்கப்பா, பாக்கறேன்.”

மைல் கணக்கில் பூமிக்குள் இறங்கத் தெரிந்த ஊரில், மூன்றடி மேலே ஏறத்தான் எங்களுக்குப் பட்ஜெட் இடித்தது.