வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு மிஷின்களை நிறுத்தி, சரக்குப் பலகைகளை அடுக்கி மேடை போட்டோம். பாட வந்தவர் ஒரு பழைய நடிகை. நாடகத்தில் சொந்தக் குரலில் பாடி நடித்தவர். சினிமாவில்தான் அவர் முகத்துக்கு வேறொருத்தி பாடினாள். நரைத்த தலை, கனத்த உடம்பு. செருப்பைக் கழற்றி, எண்ணெய் படிந்த பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார்.

மேடையோரம் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் சூப்பர்வைசர் பென்டிரைவை நீட்டிவிட்டு அவரிடம் சொன்னான்: "படத்துப் பாட்டே ஓடும்மா. நீங்க சும்மா வாய அசைங்க, போதும்."

"அதுல பாடுறது நான் இல்லப்பா. எனக்குத் தொண்ட கீது. மைக்கக் குடு."

"பேஜாரு பண்ணாதீங்கம்மா. டேய், போட்றா!"

வேலை போய்விடுமென்று பயந்து போட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா, அமுத்துனது உன் வெரலா, அவன் வெரலா?"

பிறகு மைக் இல்லாமலே, ஸ்பீக்கரை எதிர்த்து முழுப் பாட்டையும் பாடினார். கழுத்து நரம்பு புடைத்தது. மேடையோரம் நின்ற எனக்குக் கேட்டது. இரண்டாவது வரிசைக்கே கேட்கவில்லை. எல்லோரும் ஸ்பீக்கருக்குக் கை தட்டினார்கள்.

இறங்கும்போதும் பலகையைத் தொட்டுக் கும்பிட்டார். எங்களைப் பார்க்கவில்லை.

நான் அந்த ஸ்பீக்கர் பாட்டை நிறுத்தியிருக்கலாம். அந்த வேலை பொங்கல் வரைகூடத் தாங்கவில்லை.