எல்லாரும் அட்மின்

அவளுக்கு முன்பற்களில் மூன்று பொய்ப்பல். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. பார்க்கிறவர்கள் வண்டியிலிருந்து விழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவாள். நின்று விளக்கம் சொல்கிற ஆள் இல்லை அவள்.

அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி அது. நாற்பது பேர் இருப்போம். நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி எடுத்தவள் நான். அங்கே முதலுதவி அறை என் பொறுப்பு. அட்டை விளிம்பு கத்தி மாதிரி கிழிக்கும் என்பதால் எனக்கு ஓய்வே இருக்காது. அவள் வேலை கேட்டு வந்த அன்றைக்கும் முதலில் என் அறைக்குத்தான் வந்தாள். புருஷன் அவள் தலையைப் பிடித்துக் கதவில் மோதியிருந்தான். புருவம் பிளந்து ரத்தம் கன்னத்தில் வழிந்து காய்ந்திருந்தது. நான் துடைத்துக் கட்டுப் போட்டேன். கட்டோடு மாடிக்குப் போய் முதலாளியிடம், "டைப் அடிப்பேன் சார்" என்றாள். பில் போடும் வேலை கிடைத்தது.

பத்து நாள் கழித்துப் புருஷன் வாசலுக்கு வந்து முடியைப் பிடித்து இழுத்தான். அவள் கையில் பெரிய இரும்பு ஸ்டேப்ளர் இருந்தது. அதால் அவன் மண்டையிலேயே போட்டாள். அவனுக்கும் நான்தான் கட்டுப் போட்டேன். அதோடு அவன் வரவில்லை.

சின்னக் கம்பெனிகளில் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஆள் வைக்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணினால் அவள். வருகைப் பதிவு மெஷின் விரலைப் படிக்காவிட்டால் அவள். முதலாளி வீட்டம்மா போனில் படம் வரவில்லை என்றாலும் அவள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக யாருக்காவது வழி சொல்லிக்கொண்டே தின்பாள். தானாகவே படித்துத் தேறினாள். கடைசியில் மெஷின்களையெல்லாம் கம்ப்யூட்டரோடு இணைத்தபோது அதுவும் அவள் பொறுப்பாயிற்று. அந்த மென்பொருளில் உள்ளே நுழைய 'அட்மின்' என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதனால் அவள் பெயரும் அட்மின் ஆகிவிட்டது. வயதில் பெரியவர்கள் அட்மினம்மா என்பார்கள், சின்னவர்கள் அட்மின் அக்கா என்பார்கள்.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. ஆளுக்கொரு பெயர் வேண்டுமென்றால் தனித்தனியாக வாங்க வேண்டும். முதலாளி வாங்கவில்லை.

"எல்லாம் நம்ம புள்ளைங்கதானேம்மா, ஒரு வீட்டுக்கு எத்தனை சாவி?" என்றார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சாவி சரி சார். ஊருக்கே ஒரு சாவின்னா அது வீடா, சந்தையா?" என்றாள் இவள்.

அவர் சிரித்தார். கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் கடவுச்சொல்லை அட்டையில் மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். கூட்டுகிற அம்மாவுக்குக்கூட அது மனப்பாடம். பெயர் கேட்டால் எல்லாரும் அட்மின்.

அவள் பக்கமும் தப்பு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் மெஷினுக்குள் கை விடுகிறவன் அந்த மெஷினின் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் இரும்புப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வான். புது ஏற்பாட்டில் திரையிலேயே பூட்டு வந்தது. உள்ளே போகிறவன் மாடிக்குக் குரல் கொடுப்பான், இவள் ஒரு தட்டு தட்டுவாள், அந்த மெஷின் சிவப்பாகி நின்றுவிடும். முதலாளியின் தம்பி, நாங்கள் சின்னவர் என்று கூப்பிடுவோம், "ரெண்டு பூட்டு எதுக்கு, நேரம்தான் போகுது" என்றார். இவளும், "ஆமா, திரையில போட்டா போதும்" என்றாள். தான் செய்து வைத்ததில் அவ்வளவு பெருமை. இரும்புப் பூட்டுகள் ஒரு டப்பாவில் துருப்பிடித்தன.

தயாரிப்புக் கூடத்தில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். பார்க்க வருகிற வாடிக்கையாளர்கள் அசந்துபோக வேண்டுமாம். எந்த மெஷின் ஓடுகிறது, யார் ஓட்டினார்கள் என்று அதில் பெரிய எழுத்தில் வரும். எப்போது பார்த்தாலும் அட்மின், அட்மின், அட்மின் என்றே இருக்கும். ஃபிட்டர் அதைப் பார்த்து, "அக்கா ஒரு ஆளே மொத்தக் கம்பெனியையும் ஓட்டுறாங்கப்பா, நாமெல்லாம் வீட்டுக்குப் போலாம்" என்று கிண்டல் பண்ணுவான்.

அந்த ஃபிட்டர் தங்கமான பையன். அவனுடைய அண்ணன் அங்கேயே லோடு ஏற்றுகிறவன். மலை மாதிரி ஆள். தம்பி என்றால் உயிர்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். வெட்டும் மெஷினில் கத்தி மாற்ற ஃபிட்டர் முழங்கை வரைக்கும் கையை விட்டிருந்தான். பின்பக்கக் கொட்டகையில் கழிவு அட்டையை அமுக்கிக் கட்டும் மெஷின் அடைத்துக்கொண்டது. அதன் தொட்டிக்குள் கூட்டுகிற அம்மா இறங்கி அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டையும் அட்மின் திரையில் பூட்டியிருந்தாள். பூட்டிவிட்டு, எழுந்து பிரிண்டருக்குள் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வாடிக்கையாளரின் லாரி ஹாரன் அடித்தது. சின்னவர் தன் அறையில் இருந்தபடியே போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு மெஷின் சிவப்பில் நின்றன. சோம்பேறித்தனமாக யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அட்மின் என்று உள்ளே நுழைந்து, எல்லாப் பூட்டையும் எடுத்து, வேலையைத் தொடரச் சொல்லி அழுத்திவிட்டார். எழுந்து நாலு படி இறங்கிப் பார்த்திருந்தால் போதும்.

வெட்டும் மெஷின் ஒரு முறை இறங்கி ஏறியது.

நான் போவதற்குள் ஃபோர்மேன் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டார். கை வெளியே வந்திருந்தது. முழங்கைக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டிக்கு வெட்டுகிற அதே வடிவத்தில் சதை வெட்டுப்பட்டுக் கிடந்தது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. பக்கத்தில் கிடந்த லோடு கட்டும் பட்டையை உருவி மேல்கையில் சுற்றி, ஸ்க்ரூடிரைவரைச் செருகித் திருகினேன். ஃபிட்டர் கத்தவில்லை. "டீச்சரம்மா, கை இருக்கா?" என்று மட்டும் கேட்டான். எல்லாரையும் அதட்டுவதால் எனக்கு அங்கே அந்தப் பெயர். "நீ இருக்க, அது போதும். பேசாம படு" என்றேன்.

அவன் அண்ணன் பேயறைந்த மாதிரி நின்றான். பிறகு தலையைத் தூக்கி டிவியைப் பார்த்தான். வெட்டும் மெஷின், இயக்கியவர் அட்மின் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கட்டு இறுக்கும் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறினான்.

என்னால் எழுந்திருக்க முடியாது. ஸ்க்ரூடிரைவரை விட்டால் பையன் போய்விடுவான். அப்படியே உட்கார்ந்து மேலே விழுகிற அடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாடியில் நடந்ததை அவள் எனக்குப் பிறகு சொன்னாள். நான் கேட்ட சத்தங்களோடு அது சரியாகப் பொருந்துகிறது.

பிரிண்டரிலிருந்து திரும்பியவள் திரையில் இரண்டு சிவப்பும் பச்சையாகியிருப்பதைப் பார்த்தாள். அதே நேரம் கீழே நின்றவர்களின் அலறல். ஒன்று முடிந்துபோயிற்று என்று புரிந்தது. இன்னொன்று முடியவில்லை. அமுக்கும் மெஷின் ஓடத் தொடங்கியவுடன் தகடு நகராது. எண்ணெய் அழுத்தம் ஏற இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும். அந்தக் கொட்டகையில் வேறு ஆள் இல்லை. தொட்டிக்குள் நிற்கிறவள் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. மறுபடி பூட்ட அவள் விசையைத் தட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது: 'நீங்கள் வேறொரு இடத்தில் உள்ளே இருக்கிறீர்கள்.' ஒரே பெயரில் சின்னவர் உள்ளே இருந்ததால் அது இவளை வெளியே தள்ளிவிட்டது.

கடவுச்சொல்லை மறுபடி மறுபடி அடித்தாள், ஒவ்வொரு முறையும் அது வெளியே தள்ளியது. அப்போதுதான் லோடுகாரன் உள்ளே வந்தான்.

"எந்தம்பி கைய வாங்கிட்டு டைப்பாடி அடிக்கிற? அழிக்கப் பாக்குறியா?"

கம்பி விசைப்பலகையின் மேல் இறங்கியது. அவள் கை அதன் மேல் இருந்தது. விரல் முறிந்த சத்தமும் பலகை உடைந்த சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டதாம்.

"அண்ணே, பின்னாடி ஆயா உள்ள இருக்குண்ணே, விடுண்ணே!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அடுத்த அடி தோளில். கீழே விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடி விழுவாள் என்று தெரியும். அவனுடைய கால்களுக்கு நடுவில் புகுந்து வாசலை நோக்கித் தவழ்ந்தாள். படிக்கட்டு முகப்பின் சுவரில் மொத்தக் கட்டடத்துக்குமான மெயின் சுவிட்சுப் பெட்டி இருந்தது. அவன் முடியைப் பிடித்து நிமிர்த்தி வாயில் குத்தினான். பற்கள் போனது அப்போதுதான். ஒரு கொத்து முடியை அவன் கையிலேயே விட்டுவிட்டு அவள் முன்னால் போனாள். படிக்கட்டில் நாலைந்து பேர் நின்றார்கள். சின்னவரும் நின்றார். வாயைத் திறக்கவில்லை. அவள் சுவரைப் பிடித்து எழுந்து, உடையாத கையால் அதன் நெம்புகோலில் தொங்கி இழுத்தாள்.

விளக்கு, மெஷின், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அமைதிக்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்ப்பா, யாராச்சும் இருக்கீங்களா? நெஞ்சு அமுங்குது, மூச்சு விட முடியல!"

லோடுகாரனின் கை அப்படியே நின்றது. நாலு பேர் ஓடிப்போய்த் தகட்டைக் கடப்பாரையால் நெம்பி அந்த அம்மாவை வெளியே இழுத்தார்கள். விலா எலும்பு இரண்டு விரிசல். ஆள் பிழைத்தாள்.

அட்மின் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு லோடுகாரனிடம், "நான் அழுத்தலண்ணே. அழுத்தினவரு உன் பின்னாடி நிக்கிறாரு. கையில போன் இன்னும் எரியுது பாரு" என்றாள்.

சின்னவர் போனைப் பைக்குள் போட்டார். அது போதுமாக இருந்தது. கம்பி அவர் பக்கம் திரும்பியது. படிக்கட்டு முழுக்க லோடுகாரன் அவரை உருட்டிக்கொண்டே வந்தான். கீழே மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். லாரிக்காரர் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வந்து விலக்கினார். இல்லாவிட்டால் கொலை விழுந்திருக்கும். அன்றைக்கு என் பஞ்சு முழுவதும் தீர்ந்தது. முதலாளியின் தம்பிக்கும் நான்தான் கட்டுப் போட்டேன். அவருக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். முதலாளி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"விசாரணைக்கு வருவாங்கம்மா. அட்மின் கைதவறி அழுத்திடுச்சுனு ஒரு வார்த்தை சொல்லு. திரையிலயும் அதானே இருந்துச்சு? உன்னைக் கடைசி வரைக்கும் நான் பாத்துக்கிறேன். தம்பிக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு."

அவள் வாய் வீங்கியிருந்தது. சொல் காற்றாக வந்தது.

"சொல்றேன் சார். அட்மின்தான் அழுத்துனாரு. எந்த அட்மின்னு கேப்பாங்க. அதையும் சொல்றேன்."

"யோசிச்சுப் பேசும்மா. வேலை போச்சுன்னா எங்க போவ?"

"பல்லே போச்சு சார்."

அவர் எழுந்து போய்விட்டார். "வேலையும் போச்சு, உனக்குத் திருப்தியா?" என்று கேட்டேன். "முதல்ல தண்ணி குடுங்க" என்றாள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவர் அழுத்தியது, ஒரே பெயரை எல்லாரும் பயன்படுத்தியது, தனிப் பெயர் கேட்டுக் கிடைக்காதது. இரும்புப் பூட்டை எடுத்துவிடலாம் என்றபோது தானும் சரி என்று தலையாட்டியதையும் விடவில்லை. "அதைச் சொல்லணுமா?" என்றேன். "ஃபிட்டர் கை அதனாலயும்தானே போச்சு" என்றாள். லோடுகாரன் மேல் புகார் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றாள். அவன் உள்ளே இருந்துவிட்டு வந்தான். சின்னவர் அவனைவிட அதிக நாள் இருந்தார்.

கம்பெனியைச் சில மாதம் மூடிவைத்தார்கள். திறக்க வேண்டுமானால் பாதுகாப்பு ஏற்பாட்டைச் சரிசெய்துகாட்ட வேண்டும் என்று உத்தரவு. அந்த மெஷின்களையும் அந்த மென்பொருளையும் முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதலாளி வேறு வழியில்லாமல் ஆள் அனுப்பினார். அவள் வந்தாள். வந்த முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுத்தியலால் அந்தப் பெரிய டிவியை அடித்து நொறுக்கினாள். கண்ணாடித் தூள் அவள் முடியெல்லாம் கிடந்தது. முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தது அட்டையில் எழுதியிருந்த கடவுச்சொற்களைக் கிழித்துப் போட்டாள். அதற்கப்புறம்தான், "ஆளுக்கொரு பெயரு, ஆளுக்கொரு பூட்டு. இல்லன்னா நான் இப்பவே கிளம்புறேன்" என்றாள்.

ஆளுக்கொரு பெயர் வாங்கினார்கள். இரும்புப் பூட்டும் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒன்று, சாவி அவரவர் இடுப்பில். பூட்டுகளுக்குப் பொறுப்பு ஒற்றைக் கை ஃபிட்டர். "பூட்ட ஒரு கை போதும் டீச்சரம்மா, திறக்கத்தான் ரெண்டு வேணும். அதனால எவனுக்கும் திறந்து குடுக்க மாட்டேன்" என்பான்.

லோடுகாரன் திரும்பி வந்து லோடு ஏற்றுகிறான். அவளிடம் பேச மாட்டான். ஆனால் மத்தியானம் அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவான். மடங்காத விரலோடு அவளால் அதைத் திறக்க முடியாது. "மன்னிச்சிட்டியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. மூடி திறக்க ஆள் வேணும்ல?"

கூட்டுகிற அம்மா இப்போதும் அந்தத் தொட்டிக்குள் இறங்குகிறாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்த அடைப்பை எடுக்கத் தெரியாது. இறங்குமுன் அந்த மெஷினின் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்துக் கத்துவாள்.

"அட்மினு! சாவி எங்கிட்ட!"

ஜன்னலில் அட்மின் தலை தெரியும்.

"காட்டு!"

அந்த அம்மா சாவியைத் தூக்கிக் காட்டுவாள். பார்த்த பிறகுதான் இவள் நாற்காலியில் உட்காருவாள்.