மல்லிக்கு மாப்பிள்ளை பார்த்தோம்

ஆண் குதிரை எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியதாகத்தான் குட்டியும் தாயின் வயிற்றுக்குள் வளரும் என்று மாசக் கணக்கில் நம்பிக்கொண்டிருந்தவன் நான். சும்மா நம்பவில்லை, சோறு இறங்காமல் நம்பினேன். பனைமர உயரத்தில் ஒரு ஆண் குதிரையை நானே கைகாட்டி, மல்லி என்கிற அருமையான பெண் குதிரைக்கு ஜோடி சேர்த்துவிட்டேன், அவள் பிரசவத்தில் பிழைக்க மாட்டாள், அந்தப் பாவம் என் தலையில்தான் விடியும் என்று முடிவே கட்டியிருந்தேன். இப்போது ஐம்பதைத் தாண்டி, சர்க்கரை மாத்திரையும் கையுமாக உட்கார்ந்து, இதையே சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேதிதான் வந்தது.

மல்லியை வளர்த்தவரை ஊரில் எல்லோரும் குதிரை டீச்சர் என்போம். தொண்ணூறுகளின் நடுவில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் மண்பாதையில் ஒரு மாந்தோப்பை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். மலைப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வழியனுப்பு விழாவில் வெள்ளிக் குத்துவிளக்கோடு வந்தவர்களிடம், “விளக்கு வேணாம், மல்லியைக் குடுத்துடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். மல்லி தடை தாண்டும் போட்டிகளில் பேர் வாங்கியவள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் விரல் வைத்து அழுத்தினாற்போல ஒரு வெள்ளைப் பொட்டு. தியானம் செய்ய வந்த வெள்ளைக்காரர்கள்கூட சாயங்காலம் அந்தத் தோப்பு வேலியில் சாய்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். முன்னங்கால் வலியால் அவள் தாண்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். டீச்சருக்கும் முட்டி தேய்ந்துவிட்டது. இனி ஒரு குட்டி, அதுவும் இந்த வருஷமே, இதற்குமேல் வயது தாங்காது என்று டீச்சர் தீர்மானித்தபோது மல்லிக்கு வயது பதிமூன்று. அது முதல் பிரசவம் வேறு.

இதில் நான் எப்படி வந்தேன்? எனக்கு அப்போது ஒரு அம்பாசடரும், டிராவல்ஸ் என்று எழுதிய ஒரு பலகையும் இருந்தன. பெண் பார்க்கப் போகும் குடும்பங்களுக்குத்தான் என் வண்டி அதிகம் ஓடியது. போகும்போது நம்பிக்கை, வரும்போது குறை. பொண்ணு கம்மி உயரம், பையனுக்கு முன் வழுக்கை, மாமியார் வாய் ஜாஸ்தி என்று பின்சீட்டில் நடக்கும் பேச்சை எல்லாம் கண்ணாடியில் பார்த்தபடி கேட்டுக் கேட்டு, ஜோடி சேர்க்கும் கலையில் நானே ஒரு நிபுணன் என்ற நினைப்பு எனக்கு. டீச்சர் வாடகைக்கு வண்டி கேட்டு, “மல்லிக்கு மாப்பிள்ளை பாக்கப் போறோம்ப்பா” என்றதும், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, டேஷ்போர்டில் ஒரு முழம் கதம்பமும் வைத்துவிட்டேன். அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதலில் போனது ஆற்காட்டுக்கு. கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் ஒரு பாய் வீடு. பால் வெள்ளையில் ஒரு ஆண் குதிரை, காது நுனி இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொட, கழுத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி நின்றது. பாய் ஒரு தட்டு தட்டினார், ஆடியது. “நெத்திச் சுழியப் பாருங்க டீச்சரம்மா, ராஜ சுழி. வூட்டுக்கு லச்சுமி தானா வருவா” என்றார். நான் அங்கேயே தாம்பூலம் மாற்றத் தயார். டீச்சர் நெற்றிப் பக்கம் போகவே இல்லை. குனிந்து ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைத் தடவினார். கல் தரையில் நடத்திக் காட்டச் சொல்லி, எதிரில் நின்று ஒரு தரம், பின்னால் நின்று ஒரு தரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்டார். நான் கூட்டிப்போன மனிதர்கள் எல்லோரும் முகத்தில் தொடங்கிக் காலுக்கு வராமலே முடிப்பவர்கள். இவர் காலில் தொடங்கினார், முகத்துக்குக் கடைசிவரை வரவே இல்லை. கிளம்பும்போது குதிரைக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்து, பாயிடம் “அருமையா வச்சிருக்கீங்க பாய்” என்று மனதாரச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

“ஏன் டீச்சர், எவ்ளோ அழகா இருக்கான்!”

“அழகுதான். ஊர்வலத்துக்குப் பொறந்தவன். ஆனா மல்லிக்கு எங்க பலம் இல்லையோ அங்கதான் இவனுக்கும் இல்ல. முன்னங்கால்ல குளம்புக்கு மேல இருக்கிற அந்தக் கணு, ரெண்டு பேருக்குமே நீட்டம். ஆயி அப்பன் ரெண்டு பேருக்கும் ஒரே கொறை இருந்தா, குட்டி எங்கப்பா போகும்? மல்லிகிட்ட இல்லாதது அவன்கிட்ட இருக்கணும். மல்லிகிட்ட இருக்கிற கொறை அவன்கிட்ட இருக்கக் கூடாது.”

இந்த வாக்கியத்தைப் பிற்காலத்தில் என் வண்டியில் ஏறிய எத்தனையோ சம்பந்திகளுக்கு என் சொந்தச் சரக்கு போல எடுத்து விட்டிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

அடுத்து பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை. அங்கே இரண்டு பேர். ஒருவன் கறுப்பு, மல்லியின் உயரம்தான், வழவழவென்று இருப்பான். இன்னொருவன் பழுப்பு. அவன் லாயத்திலிருந்து வெளியே வந்தபோது, வந்துகொண்டே இருந்தான், முடியவில்லை. நான் கையைத் தூக்கினால்கூட முதுகைத் தொட எக்க வேண்டும். பெட்டி போலத் தலை, தொங்கிய உதடு, பரீட்சையில் தூங்கி விழும் பையனின் முகம். டீச்சர் இருவரையும் நடக்கவைத்துப் பார்த்தார். தீனி வைக்கும்போது பக்கத்தில் போய் நின்று, கடிக்கிறானா, காதை மடக்குகிறானா என்று பார்த்தார். பிறகு இவன்களின் பிள்ளைகளைக் காட்டுங்கள் என்றார். மாப்பிள்ளை பார்க்கப் போய் அவன் பிள்ளைகளைக் காட்டச் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று நான் பண்ணையாளிடம் முணுமுணுத்தேன். பழுப்பனின் பிள்ளைகள் இரண்டு பக்கத்துப் பயிற்சிக் களத்தில் தடை தாண்டிக்கொண்டிருந்தன. மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அவசரமே இல்லாமல் ஓடிவந்து, தடைக்கு முன்னால் மட்டும் ஒருமுறை தம் கட்டி, அந்தப் பக்கம் போய் இறங்கின.

நான் டீ குடித்துவிட்டு வந்தேன். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து, மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். “எத்தனையோ பொண்ணு பாக்கப் போனவனாச்சே, நீ சொல்லு. கறுப்பனா, பழுப்பனா?”

“உசரமானவனே இருக்கட்டும் டீச்சர். நாளைக்கு ஜோடியா நின்னா மாப்பிள்ளை ஒரு பிடி ஒசந்து தெரியணும்.”

சிரித்தார். பழுப்பனே என்று முடிவானது. மல்லியை லாரியில் அனுப்பி, சினை பிடித்தது உறுதியான பிறகு திரும்ப அழைத்துவந்தோம். ஒரு முகூர்த்தத்தை முடித்துவைத்த மிதப்பில் ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்டிருந்தேன், கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மச்சான் வரும்வரை. அவன் என் மனைவியின் தம்பி, பால் மாடு வைத்திருப்பவன். சாப்பிட உட்கார்ந்தவனிடமும் பெருமையாகச் சொன்னேன். கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டான்.

“எவ்ளோ ஒசரம் மாமா?”

கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

“அப்ப போச்சு. இன்னா மாமா இப்டி பண்ணிட்டீங்க? எங்க ஊர்ல சின்ன நாட்டு மாட்டுக்குப் பெரிய சீமைக் காளை ஊசி போட்டானுங்க. கன்னு உள்ளயே பெருசாயிடுச்சு. தலை வந்துச்சு, தோள் வரல. நாலு பேரு கயிறு கட்டி இழுத்தோம். கன்னும் போச்சு, மாடும் போச்சு.” பிறகு, ரசம் கேட்டு வாங்கி நிம்மதியாகச் சாப்பிட்டான். நான்தான் எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வெளியே சொல்ல வெட்கம், ஆனால் சொல்வதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன். தோப்புக்குப் போகும்போதெல்லாம் மல்லியின் வயிற்றை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் என்னை நேராகவே பார்ப்பாள். தீபத்துக்கு ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டபோது, நான் “சுவாமி, குட்டி அம்மா ஜாடையில் இருக்கட்டும், உயரத்தில்” என்று விளக்கமாக வேண்டிக்கொண்டேன். மனைவியின் தையல் டேப்பை எடுத்துப்போனேன். ஒரு டேப் வயிற்றைச் சுற்றி வரவில்லை. இன்னொன்றை ஊக்கு போட்டு இணைத்தேன். டீச்சர் கடைக்குப் போகும் நேரம் பார்த்து வாரா வாரம் அளந்தேன். ஒவ்வொரு வாரமும் அது கூடியது. சினைக் குதிரையின் வயிறு வேறு என்ன செய்யும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

ஒருநாள் டீச்சர் சீக்கிரம் திரும்பிவிட்டார். மல்லியின் வயிற்றுக்கு அடியில் குனிந்து நான் டேப்பின் மறு முனையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா, மல்லிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?”

எல்லாவற்றையும் கொட்டினேன். மச்சான், மாடு, கயிறு, நான் சொன்ன உயரம், பாவம், எல்லாம். கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “உன் மச்சான் சொன்னது மாட்டுக்குச் சரி. குதிரை வேற. உள்ள குட்டி எவ்ளோ வளரலாம்னு இங்க ஆயி வயிறுதான் சொல்லும், எடத்துக்குத் தக்கனதான் வளரும். அப்பன் ஒசரமெல்லாம் வெளிய வந்து, பால் குடிச்சு, புல்லு தின்னு, அப்புறம்தான் காட்டும். இன்னொண்ணு கேளு. நீ சொல்லியா நான் பழுப்பனை எடுத்தேன்? நீ டீ குடிக்கப் போனியே, அப்பவே அவன் காலையும் அவன் புள்ளைங்க தாண்டறதையும் பாத்துப் பேசி முடிச்சுட்டேன். பூவெல்லாம் வச்சுக் கூட்டினு வந்த புள்ளையாச்சே, ஒரு வார்த்தை கேக்காம இருந்தா நல்லா இருக்காதேன்னு கேட்டேன்.”

என் பாவமும் போயிற்று, என் பெருமையும் போயிற்று. இரண்டில் எதற்கு அதிகம் வருத்தப்பட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“அப்ப பயமே இல்லையா டீச்சர்?” என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் சிரிப்பு நின்றது. “யார் சொன்னா? பதிமூணு வயசுல மொத குட்டி. கால் மடங்கி வரலாம். தலை திரும்பி வரலாம். அப்படி வந்துட்டா காப்பாத்த நேரம் ரொம்பக் கம்மி.” மல்லியின் கழுத்தில் கை வைத்துக்கொண்டார். “குட்டி இல்லாட்டியும் பரவால்லப்பா. இவ இருக்கணும்.” ஆக, ஒரு பயத்தை வாங்கிக்கொண்டு அசல் பயம் இரண்டைக் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார். அவர் விரல்கள் பிடரி மயிரைப் பிரித்துப் பிரித்துப் பின்னுவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். தினமும் பின்னியிருப்பார் போலிருக்கிறது.

மாசிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் போன் வந்தது. மல்லியின் மடிக்காம்பில் மெழுகு போலப் பால் கட்டி ஒட்டியிருக்கிறது, இன்று நாளைக்குள் ஆகிவிடும், பதறாமல் விடிந்ததும் டாக்டரைக் கூட்டிவா என்றார். நான் பதறாமல் உடனே மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் முதல் பஸ்ஸில், கன்று இழுக்கும் கயிற்றோடு வந்துவிட்டான். வேங்கிக்காலில் குடியிருந்த கால்நடை டாக்டரை எழுப்பினேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, “குதிரைக்குப் பிரசவம் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சுப்பா” என்று எனக்குத் தைரியம் சொன்னார். ஊருக்குள் வந்தால் கிரிவலக் கூட்டம் இன்னும் தீரவில்லை. போலீஸ் தடுப்பு போட்டு வண்டியை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தோம். செங்கம் ரோடு முழுக்க வெறுங்காலோடு ஜனம். டாக்டர் கையில் பை, மச்சான் தோளில் கயிறு, என் கையில் பெரிய எவர்சில்வர் வாளி. அதைப் பார்த்து ஒரு அம்மா பின்னாலேயே வந்து, “சாமி, பொங்கலா புளிசாதமா?” என்று கேட்டார். குதிரைப் பிரசவம் என்றேன். நம்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் வந்தார்.

இன்று அந்த ரோட்டில் காபிக் கடைகளும் விடுதிகளும் நெருக்கி நிற்கின்றன. மாந்தோப்பு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம், அங்கே ஆள் இறக்கிவிட என் வண்டிகள்தான் போகின்றன. 

நாங்கள் மூவரும் ஓட்டமும் நடையுமாகத் தோப்புக்குள் நுழைந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. லாயத்து வாசலில் நாற்காலியில் டீச்சர் கழுத்து சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க விழித்திருந்து, விடியும் நேரத்தில் கண் அசந்திருக்கிறார். மல்லி அதற்காகவே காத்திருந்தவள் போல அந்த இடைவெளியில் காரியத்தை முடித்திருந்தாள். வைக்கோலில் நின்று புல் மென்றுகொண்டிருந்தாள். அவள் வயிற்றுக்குக் கீழே, காலே காலாக ஈரமாக ஒன்று நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் நஞ்சுக்கொடி முழுசாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், தாயின் நாடியைப் பிடித்தார், பையைத் திறக்காமலே மூடினார். மச்சான் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி, “இத்தினூண்டுதானா மாமா?” என்று ஏமாற்றத்தோடு கேட்டான். அந்தச் சத்தத்தில்தான் டீச்சர் விழித்தார்.

பெண் குட்டி. மற்ற குட்டிகள் எந்த அளவில் பிறக்குமோ அதே அளவில்தான் பிறந்தது. தாயும் நலம். நாலு வயதில் அது மல்லியைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்தது.