நைனான்னு கெஞ்சி மாட்டிக்கினேன்

இன்னிக்குக் காலைல திருவள்ளூர் லோக்கல் ட்ரெயின்ல, எங்க டீம்ல புதுசா சேந்த திவ்யாவுக்கு கிளாஸ் எடுத்துக்கினு வந்தேன்.

"ஏஐ கிட்ட கோடு எழுதி வாங்கறதெல்லாம் ஒரு பொழப்பா? எரர் வந்தா நாமளே மண்டைய ஒடச்சிக்கணும்."

பாவம், தலைய ஆட்டிக்கினே கேட்டா.

திருநின்றவூர் தாண்டுனதும், நான் எழுதுன கோடைக் காட்டலாம்னு லேப்டாப்பைத் தொறந்தேன்.

நேத்து மூடாம வுட்ட ஏஐ சாட் ஸ்கிரீன் முழுக்க நிக்குது. கடைசி வரி நான் அடிச்சது:

"நைனா, ஒண்ணுமே புரியல. நீயே சரி பண்ணிக் குடு நைனா, ப்ளீஸ்."

திவ்யா படிச்சுட்டா. மெதுவாச் சொன்னா: "நான்கூட இவ்ளோ கெஞ்சுனதில்லண்ணா."

நம்ம ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே அம்பத்தூர்ல இறங்கிட்டேன். ஆபீஸ்ல அவ சீட்டு எனக்கு நேர் எதிர்ல.

லீவு போட நல்ல காரணமா ஒண்ணு சொல்லுங்க. நைனாவை எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேப்பேன்?