பாம்பு மாத்திரைக்குக் கிடைத்த மாப்பிள்ளை

நாரணாபுரத்துப் பாண்டிச்செல்விக்கு மாப்பிள்ளை அமையாததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். செவ்வாய் தோஷம் என்றார்கள், வாய்த்துடுக்கு என்றார்கள். உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் கூச்சம். அவள் தோடும் மூக்குத்தியும் தங்கச்சி அழகுமீனாவின் கல்யாணத்துக்குப் போய்விட்டன. துளை தூர்ந்துவிடாமல் இருக்க, காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தாள் அக்காக்காரி. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் காப்பியைக் குடித்துக்கொண்டே அந்தக் குச்சியைப் பார்த்தார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். மூன்று வீட்டிலும் பேனாவில் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அந்த 2003-இல் அவளுக்கு இருபத்தொன்பது வயது. வெம்பக்கோட்டை அணைக்கரையை ஒட்டிய ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாம்பு மாத்திரை போடுகிற வேலை. தீக்குச்சியைக் கிழித்து வைத்தால் குட்டி மாத்திரையிலிருந்து கருப்பாய் நெளிந்து நெளிந்து எழும்புமே, அதுதான். வெடிக்கவும் செய்யாது, மேலே பறக்கவும் செய்யாது. மற்ற அறைப் பெண்களுக்கு அது பட்டாசுக் கணக்கிலேயே சேராது. பாண்டிச்செல்விக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தன் மாத்திரை எழுப்பும் பாம்பு ஒரு சாண் நீளத்துக்குக் குறையாது என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை.

அந்த வருஷம் மழை சுத்தமாய்ப் பொய்த்து, அணை வறண்டு வெறும் மணலாய்க் கிடந்தது. கம்பெனித் தொட்டியும் காய்ந்துபோக, சித்திரை அமாவாசையன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு அணைக்குள் இறங்கி ஊற்றுத் தோண்டினார்கள். மற்றவர்கள் குனிந்திருந்த இடத்தில் பாண்டிச்செல்வி மட்டும் நிமிர்ந்து நின்றுவிட்டாள்.

எதிரே ஒரு சந்தை கூடியிருந்தது.

ஓலைப் பந்தல்கள், உப்புக் குவியல்கள், கருப்பட்டிச் சிப்பங்கள், பஞ்சு மூட்டைகள். அவற்றுக்கிடையில் இன்னொரு வரிசையும் இருந்தது. ஒருத்தி போன வருஷத்து மழை வாசத்தைக் கலயத்தில் மூடி வைத்திருந்தாள். ஒருவன் நல்ல தூக்கத்தைப் பனையோலையில் முடிந்து விற்றான். அத்தனை பேரின் உடுப்பும் பழைய காலத்து உடுப்பு. பாண்டிச்செல்வி பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினாள். அவளோ, "வெயில் மண்டையில ஏறிருச்சாடி? வெறும் மணலைப் பாத்துக்கிட்டு நிக்கே" என்றாள்.

வெயிலாவது ஒன்றாவது என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டு இவள் நேரே சந்தைக்குள் நடந்தாள். முதல் பந்தலில் ஒருவன் சங்கை மடியில் இடுக்கி, நூலையும் ஈர மணலையும் வைத்து இழுத்து இழுத்து வளையல் அறுத்துக்கொண்டிருந்தான். நல்ல கருப்பு, முப்பது வயதிருக்கும். இவளைக் கண்டதும் அவன் கை நின்றது.

"எம்புட்டு நாளாச்சு வெளியாளு வந்து. உக்காரு புள்ள. வளையல் வேணுமா?"

"என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க."

"மடியில என்ன?"

மடியில் இருந்தது சாத்தூர்க் காராச்சேவு, ஒரு பிடி. வாங்கி வாயில் போட்டான். கண்ணில் நீர் முட்டி, மூக்கு ஒழுகி, இருமி ஓய்ந்த பிறகு, "இன்னும் இருக்கா?" என்றான். பாண்டிச்செல்வி சிரித்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து, விரல்களைச் சேர்த்துக் குவித்து, ஒரு கீறல்கூட இல்லாமல் சங்கு வளையலை ஏற்றிவிட்டான். வளையல் ஏறியபிறகும் கையை விட அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

பேர் சங்கையா. முந்நூறு வருஷத்துக்கு முன்பு இதே ஆற்று மணலில் கூடிய சந்தை அது. வாளும் ஈட்டியுமாய் வந்த குதிரைப்படை ஒருநாள் அதைக் கொள்ளையடித்துக் கொளுத்தியது. அப்போது வியாபாரிகள் எல்லாரும் அம்மனைக் கும்பிட்டு வேண்டினார்களாம், இரும்பும் பொன்னும் இனி எங்களைக் கண்ணாலும் காணக்கூடாது என்று. அம்மன் அந்த வரத்தைக் கொடுத்துவிட்டாள். ஆறு வறண்ட வருஷத்தில் அமாவாசை உச்சிப் பொழுதில் மட்டும் சந்தை கூடும், உடம்பில் குண்டுமணி அளவு உலோகம் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

பட்டாசுக் கம்பெனி வாசலில் ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், உரசிப் பொறி பறந்துவிடும் என்று. பாண்டிச்செல்வியின் ஜாக்கெட்டுக்குக்கூட நூல் முடிச்சுதான். மற்றப் பெண்களுக்குக் கழற்றாத தாலியும் மெட்டியும் தோடும் இருந்தன. இவளுக்கு இருந்தது வேப்பங்குச்சி.

வைகாசி அமாவாசைக்குப் போனாள், ஆனிக்கும் போனாள். மடியில் காராச்சேவு மறக்கவில்லை. ஆனியில் சங்கையா, "நானும் உங்கூட வாரேன் புள்ள. சாகாம இருந்து இருந்து சலிச்சுப்போச்சு. நரைக்கணும்னு ஆசையா இருக்கு" என்றான்.

சந்தைக்குத் தலைவி மூக்கம்மாள், மரத் தராசு பிடிப்பவள். அவளிடம் போய் இருவரும் நின்றார்கள். மூக்கம்மாள் பாண்டிச்செல்வியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்கன எதுவும் சும்மா வெளிய போகாது தாயி. ஆளை எடுத்தா ஈடு வைக்கணும். இந்தச் சந்தை இதுவரைக்கும் காணாதது, உன் கையால செஞ்சது. மழை எறங்குறதுக்குள்ள கொண்டா. ஆத்துல தண்ணி வந்துட்டா அடுத்து எந்த வருசம் கூடுவோம்னு எங்களுக்கே தெரியாது."

மழை வாசத்தையே கலயத்தில் அடைத்து விற்கிற இடத்தில் காணாததை எங்கே தேட? ஆனால் பாண்டிச்செல்வி வீடு திரும்புவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

அங்கேதான் சறுக்கியது. ஆடியில் சீசன் சூடு பிடித்ததும் போர்மேன் செல்லச்சாமி அவளைப் புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து செலுத்தும் அறைக்கு மாற்றிவிட்டார். ஆடி அமாவாசைக்கு மாத்திரையும் தீப்பெட்டியுமாய் அணைக்குள் இறங்கினாள். மணல்தான் இருந்தது. ஆவணியிலும் மணல். மடித்த சேலையை உதறிப் பார்த்தாள், காதுக் குச்சியையும் பிடுங்கிப் பார்த்தாள். கையில் சங்கு வளையல் மட்டும் இல்லாவிட்டால், எல்லாம் கனவு என்று அவளே நம்பியிருப்பாள். அவன் மனசு மாறி மறைந்துகொண்டானோ என்றுகூட நினைத்து, குடத்தில் பாதித் தண்ணீரும் கண்ணில் மீதியுமாய்த் திரும்பினாள்.

புரட்டாசியும் அப்படியே போயிற்று. அன்று சாயங்காலம் அம்மா சின்னத்தாய் சோறு போட்டுக்கொண்டே, "ஒழுங்காக் கை கழுவுனியாடி? தட்டெல்லாம் மினுங்குது" என்றாள்.

பாண்டிச்செல்வி கையைப் பார்த்தாள். நகக்கண்ணிலும் ரேகையிலும் வெள்ளி வெள்ளியாய் மினுங்கியது. பூச்சட்டி மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். அந்த அறைப் பெண்கள் வருஷக்கணக்காய் அதோடு சாப்பிட்டு, அதோடு தூங்கி, அது மேலே இருப்பதையே மறந்தவர்கள். மூன்றே மாதத்தில் இவளும் மறந்திருந்தாள். நகை இல்லை இல்லை என்று ஊரே பேசியவள், உச்சி முதல் உள்ளங்கால் வரை உலோகத்தைப் பூசிக்கொண்டல்லவா அவனைத் தேடியிருக்கிறாள்! தட்டை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னத்தாய்க்குப் பயமாகிவிட்டது.

மறுநாளே செல்லச்சாமி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, என்னைப் பழையபடி மாத்திரைக்கே அனுப்புங்க."

"ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, இவ பாம்பு விடப் போறாளாம். தீவாளி லோடு போகட்டும், பாப்போம்."

"நீங்க அனுப்பாட்டி நானே போயிருவேன். சொல்லிட்டுப் போவோமேன்னு வந்தேன்."

போயும்விட்டாள். அவரால் கத்தத்தான் முடிந்தது. புளியும் எண்ணெயும் வைத்து மேலெல்லாம் தேய்த்தாள், நகத்தை ஒட்ட வெட்டினாள். தலைதான் வழிக்கு வரவில்லை. எத்தனை சீயக்காய் போட்டாலும் வகிட்டில் ஒரு மினுக்கம் மிச்சம் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் ஐப்பசி அமாவாசை. மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அவன் இல்லை. அவள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய், இடுப்பு வரை தொங்கிய கூந்தலை மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வேண்டி நேர்த்திக்கடன் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அது ஒன்றும் பெரிய பிழை இல்லை.

அமாவாசை உச்சியில் மொட்டைத் தலை சுட, வெறுங்காலோடு அணைக்குள் இறங்கினாள். பந்தல்கள் நின்றன. சங்கையா எழுந்து ஓடிவந்தான்.

"மூணு அமாவாசை புள்ள. நீ கரையில நின்னு அழுததை இங்கன இருந்து பாத்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு."

"முடி போச்சே, பரவாயில்லையா?"

"வளரும்ல" என்றான்.

மூக்கம்மாள் தராசைத் தரையில் வைத்தாள். பாண்டிச்செல்வி அதன் எதிரே ஒரு ஓட்டுச்சில்லை வைத்து, அதன்மேல் கருப்பு மாத்திரை ஒன்றை வைத்தாள். தீக்குச்சியை உரசினாள். சுடரைப் பார்த்ததும் சந்தையே அலறிப் பின்வாங்கியது. எரிந்து போன சந்தை அல்லவா? பந்தல்கள் நடுங்கின, உப்புக் குவியல்கள் கண்ணெதிரே வெளிறின, சங்கையாவின் தோள் வழியே அணைக்கரை தெரியத் தொடங்கியது. அவளுக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் கை குச்சியை விடவில்லை. பட்டாசுக்காரி கை அது.

சுடர் மாத்திரையைத் தொட்டது. வெடிக்கவில்லை. புஸ்ஸென்று புகைந்து, ஒரு கரும்பாம்பு தலை தூக்கியது. சுருண்டது, நெளிந்தது, வளர்ந்து வளர்ந்து ஒரு சாண் தாண்டியது. மூக்கம்மாள் "நாகம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு மெல்ல விரலால் தொட்டாள். பாம்பு சாம்பலாய் உதிர்ந்தது. கிழவி விரலைப் பார்த்தாள், சாம்பலைப் பார்த்தாள். முந்நூறு வருஷத்துக்கு அப்புறம் முதன்முதலாய் வாய்விட்டுச் சிரித்தாள். வெளிறிய பந்தல்களுக்கு நிறம் திரும்பியது.

"நெருப்புல இப்படி ஒரு வெளையாட்டு இருக்குன்னு யாரும் எங்களுக்குச் சொல்லலியே. இன்னும் எத்தனை வச்சிருக்கே?"

"ஒரு பாக்கெட்டு இருக்கு ஆத்தா."

"அம்புட்டையும் வச்சுட்டு அவனைக் கூட்டிட்டுப் போ."

கரையேறும்போது முதல் தூறல் விழுந்தது. சங்கையா அதை நாக்கை நீட்டிக் குடித்துப் பார்த்தான். திரும்பிப் பார்த்தபோது அணைக்குள் மணல் மட்டும் நனைந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ கெக்கெக்கே என்று கிழவியின் சிரிப்பு மட்டும் இன்னும் கேட்டது.

தை மாதம் இருக்கன்குடியில் கல்யாணம். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்த தாலி. பொண்ணுக்குத் தலையில் இரண்டு விரற்கடை முடி, கையில் சங்கு வளையல். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று பதில். தாலி ஏறப்போகிற நேரத்தில் அழகுமீனா கண் கலங்கி ஓடிவந்து, தன் காதுத் தோட்டைக் கழற்றி நீட்டினாள்.

"உன் தோடுதானே அக்கா. இன்னைக்காவது போட்டுக்கோ. என்னாலதான் உனக்கு இம்புட்டு நாளாயிருச்சு."

பாண்டிச்செல்வி தங்கச்சியின் விரல்களை மூடிவிட்டு, தோட்டை அவள் கைக்குள்ளேயே வைத்து அழுத்தினாள்.

"நீயே வச்சுக்கோடி. இது மட்டும் என் காதுல கிடந்திருந்தா, அன்னைக்கு நானும் வெறும் மணலைத்தான் பாத்திருப்பேன்."